ஓடை நண்டும் கழி நண்டும்: எது எங்கே வாழும், ஏன்?

ஜவ்வாது மலை ஓடைகளில் கல்லைப் புரட்டினால் நண்டு கிடைக்கும். அந்த மலையின் தண்ணீர் போய்ச் சேரும் வங்கக் கடலோரத்திலும் நண்டு உண்டு. மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றில் கலந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகே கடலை அடைகிறது. திருப்பத்தூர் பக்கத்துப் பாம்பாறு தென்பெண்ணையில் சேர்ந்து கடலூரில் கடலைத் தொடுகிறது. நீர்வழி ஒன்றுதான். ஆனால் மலை நண்டைக் கழிமுகத்திலோ, கழிமுக நண்டை மலை ஓடையிலோ விட்டால் அதன் வம்சம் தழைக்காது. ஒரு நண்டு எங்கே வாழும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அதன் குஞ்சு எப்படிப் பிறக்கிறது, அதன் உடல் எவ்வளவு வெயிலையும் உப்பையும் தாங்குகிறது.

குஞ்சு பிறக்கும் விதம்

கடலோர நண்டுகளில் பெரும்பாலானவற்றின் முட்டையிலிருந்து வெளிவருவது நண்டு வடிவமே இல்லாத, கண்ணுக்கு எளிதில் புலப்படாத இளவுயிரி. இதைச் சோயியா என்கிறார்கள். அது சில வாரங்கள் கடல்நீரில் மிதந்து, பலமுறை தோலுரித்து, மெகலோபா என்ற அடுத்த நிலையை அடைந்து, கடல் ஏறும் நீரோடு கரைக்குத் திரும்பி நண்டாகிறது. ஒரு தாய் பல லட்சம் முட்டைகள் இட்டாலும் பிழைப்பவை மிகச் சில. ஆனால் நீரோட்டம் அந்தக் குஞ்சுகளை வெகுதூரம் கொண்டுபோகும் என்பதால், ஒரே வகை நண்டு பல நாட்டுக் கரைகளில் காணப்படுகிறது.

ஓடை நண்டுக்கு இந்தப் பயணம் கிடையாது. மஞ்சட்கரு நிறைந்த பெரிய முட்டைகளைக் குறைந்த எண்ணிக்கையில் இடுகிறது. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, கால் கொடுக்கோடு முழு நண்டாகவே குஞ்சு வெளிவருகிறது. சில காலம் தாயின் அடிவயிற்று மடிப்புக்குள் ஒட்டிக்கொண்டு, பிறகு அதே ஓடையில் இறங்குகிறது. கடல் தேவையில்லை என்பது அதன் பலம். அடுத்த மலைக்குப் போக வழியில்லை என்பது அதன் பலவீனம். ஓர் ஓடை வறண்டாலோ நஞ்சானாலோ அங்குள்ள கூட்டம் அதோடு முடிந்துபோகக்கூடும். 2009-இல் உலகின் 1,280 நன்னீர் நண்டு வகைகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய பாதி வகைகளின் நிலையை மதிப்பிடப் போதிய தகவலே இல்லை என்று தெரிந்தது.

ஒரு மீட்டருக்குள் ஓர் உலகம்

கடல் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளிப்படும் நிலத்தில் வாழும் நண்டுகள் ஒவ்வொரு நாளும் இரு வேறு உலகங்களைச் சமாளிக்க வேண்டும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு 10 மீட்டரைத் தாண்டும். தமிழகக் கரையில் அது ஏறத்தாழ 1 மீட்டர்தான். அந்தக் குறுகிய பட்டையையும் நண்டுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

மணல் கரையின் மேட்டில் பேய் நண்டு வளை தோண்டுகிறது. பகல் வெயிலுக்கு உள்ளே பதுங்கி, இரவில் இரை தேடுகிறது. காற்றிலேயே சுவாசித்தாலும் செவுள் ஈரமாக இருக்க வேண்டும். ஈர மணலில் இருந்து கால் மயிர்களால் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. நீருக்குள் நெடுநேரம் மூழ்கியிருந்தால் மூச்சுத் திணறிச் சாகும். அலை மோதும் பாறைகளிலும் கல் தடுப்புகளிலும் தட்டையான உடலும் கூர் நகமும் கொண்ட பாறை நண்டுகள் ஒட்டிக்கொள்கின்றன.

சேற்றுக் கரையில் ஆண் பிடில் நண்டு, பெருத்த ஒற்றைக் கொடுக்கை ஆட்டிப் பெண்ணை அழைக்கிறது. சேற்றை வாயிலிட்டு நுண்பாசியை உண்டு, எஞ்சியதைச் சிறு உருண்டைகளாகத் துப்புகிறது. அதன் வளைகள் வழியே காற்று சேற்றுக்குள் இறங்குகிறது. அலையாத்தி வேர்களுக்கு அது உதவி. பிச்சாவரம் போன்ற காடுகளில் இன்னொரு வகை நண்டுகள் உதிர்ந்த இலைகளை வளைக்குள் இழுத்துச் சென்று தின்கின்றன. கடலுக்குப் போய்விட வேண்டிய சத்து இப்படிக் காட்டிலேயே தங்குகிறது.

இந்த அடுக்குக்கான விளக்கத்துக்கு ஸ்காட்லாந்துக் கரையில், பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசுகளை வைத்து ஜோசப் கொனெல் செய்து 1961-இல் வெளியிட்ட ஆய்வு அடித்தளமிட்டது. ஓர் உயிர் எவ்வளவு மேலே போகும் என்பதைப் பெரும்பாலும் வெயிலும் வறட்சியும் முடிவு செய்கின்றன. எவ்வளவு கீழே இறங்கும் என்பதைப் போட்டியும் எதிரிகளும் முடிவு செய்கின்றன.

தாங்கும் திறன் மிகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பியக் கரை நண்டு சாட்சி. உப்பு கூடினாலும் குறைந்தாலும், குளிரானாலும் வெப்பமானாலும் பிழைக்கும் இது, 1817-இலேயே அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பதிவானது. 1989-இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் தென்பட்டது. இன்று உலகின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது.

மலைக்கும் கழிமுகத்துக்கும் உள்ள கணக்கு

நம் சந்தைக்கு வரும் சேற்று நண்டு கழியிலும் அலையாத்திக் காட்டிலும் வளர்கிறது. சினை பிடித்த பெண், முட்டை பொரிக்கக் கடலுக்குப் போகிறது. அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகத்தான் கழிக்குத் திரும்ப வேண்டும். ஆற்றில் நீர் வராவிட்டால் அலை கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைக்கிறது. கதவு சாத்தியபின் குஞ்சு எங்கே போகும்? உள்ளே தேங்கிய நீர் கோடையில் உப்பேறி, ஏற்றமும் வற்றமும் நின்று, பிடில் நண்டுகளின் சேற்றுப் பட்டையும் இல்லாமல் போகிறது.

ஆகவே பாலாறு ஓடும் திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆற்றுக்கு நேர்வது கடலோரத்தையும் தொடுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்சாலைக் கழிவுகள் பாலாற்றைக் கெடுத்ததை உச்ச நீதிமன்றம் 1996-இலேயே கண்டித்தது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. மணல் அள்ளிப் பள்ளமான ஆறு, வந்த வெள்ளத்தையும் முழுதாகக் கடல்வரை கொண்டுசேர்ப்பதில்லை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. மலையில் ஓடைக்கரை மரங்களை வெட்டாமல், பூச்சிமருந்து நீரில் இறங்காமல் காக்க வேண்டும். பிடித்த நண்டின் அடிவயிற்றில் குஞ்சு இருந்தால் அதே ஓடையில் விட்டுவிட வேண்டும். கடலோரத்தில் சினை நண்டைப் பிடிக்காமல் விடுவதும் இதே நியாயம்தான். இவை தனிமனிதரால் முடிபவை. மழைக்காலத்தில் ஆற்று நீரில் ஒரு பங்கு முகத்துவாரம்வரை சென்று சேர வழிவிடுவது அரசால் மட்டுமே முடியும். கடலில் கலக்கும் ஆற்று நீரை வீண் என்று கணக்கெழுதும் வழக்கத்தை நீர்த் திட்டங்கள் முதலில் கைவிட வேண்டும்.