வலைப்பின்னலில் வழியமைத்தல்

ஒரு பெரிய மருத்துவமனையை மனத்திற் கொள்ளுங்கள். மருந்தகம், ஆய்வுக்கூடம், கணக்கர் அலுவலகம் எனப் பல பிரிவுகள் அங்கு உள்ளன. ஒவ்வொன்றிலும் கணினிகள் பல. அருகருகே உள்ள கணினிகளை ஒன்றாகப் பிணைத்த அமைப்பிற்கு ‘லேன்’ என்று பெயர். அதன் நடுவே நின்று, வரும் செய்தியை உரிய கணினிக்கு விடுக்கும் கருவியே சுவிட்ச் ஆகும்.

சுவிட்சுக்கு ஓர் இயல்பு உண்டு. செய்திக்கு உரியவர் இருக்குமிடம் தெரிந்தால் அவ்வொரு வாயில் வழியே மட்டும் அனுப்பும். தெரியாவிடின், வந்த வாயில் ஒழிந்த மற்றெல்லா வாயில்களிலும் பரப்பிவிடும். முரசறைந்து ஆள் தேடுவது போன்றது இது. சிற்றூராயின் தீங்கில்லை, பெருநகராயின் இரைச்சலே மிஞ்சும் அன்றோ? அன்றியும், இரு சுவிட்சுகளுக்கு இடையே இரு பாதைகள் திறந்திருப்பின், பரப்பிய செய்தி ஓயாமற் சுழன்றுகொண்டே இருக்கும்.

அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனைக்கு 2002ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நேர்ந்தது இதுவே. பிரிவுகள் எல்லாம் ஒரே பரப்பாக வளர்ந்திருந்தமையால், சுழற்சியைத் தடுக்கும் முறை அங்கு நிலைகுலைந்தது. சில நாட்கள் மருத்துவர்கள் தாளையும் எழுதுகோலையுமே நம்பிப் பணியாற்றினர். ஆய்வு முடிவு காலந்தாழ்ந்தால் உயிருக்கே கேடு விளையும் இடம் அது! பின்னர் அப்பரப்பைப் பகுத்து, பகுதிகளுக்கு இடையே வழியமைக்கும் கருவிகளை நிறுவினர்.

வழியமைக்கும் ஆற்றலுடைய சுவிட்சுகளும் உண்டு. அவற்றில் பிரிவுதோறும் ஒரு ‘வி-லேன்’ எண் இடவேண்டும். 1 முதல் 4094 வரை இடலாம். மருந்தகத்திற்கு 10.1.10 என்றும், ஆய்வுக்கூடத்திற்கு 10.1.20 என்றும் தொடங்கும் முகவரிகளை அளித்தோம் என்க. 10.1.10.1 என்பதை மருந்தகத்தின் தலைவாயிலாகச் சுவிட்சிற் குறித்து, வழியமைக்கும் பணியையும் இயக்கிவிடல் வேண்டும். மருந்தகக் கணினி தன் முகவரியையும் பெறுவோர் முகவரியையும் ஒப்பிட்டு, பிரிவு வேறாயின் செய்தியைத் தலைவாயிலிடம் ஒப்படைக்கும். வழியமைக்கும் கருவி ஒவ்வொன்றும் செய்தியின் ஆயுள் எண்ணில் ஒன்றைக் குறைக்கும். அது தீர்ந்தால் செய்தி கைவிடப்படும். ஆதலின் முடிவற்ற சுழற்சி இங்கில்லை.

தன்னோடு இணைந்த பிரிவுகளைச் சுவிட்ச் தானே அறியும். வேறு கட்டடத்துச் சுவிட்சின் பின்னுள்ள பிரிவுகளையோ நாம் வழிப்பட்டியலில் எழுதித் தரவேண்டும், அல்லது ‘ஓ.எஸ்.பி.எப்.’ என்னும் முறையால் அவை ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளச் செய்யவேண்டும். கையால் எழுதுவோர் போகும் வழியை எழுதிவிட்டு, மறுபுறச் சுவிட்சில் மீளும் வழியை எழுத மறப்பதுண்டு. அந்நிலையில் மருந்தகம் கேட்ட வினா ஆய்வுக்கூடத்தைச் சென்றடையும். விடைதான் வந்து சேராது.