மாடி ஆடுதா? கட்டையைப் பாருங்க!

அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்குப் போய்வந்த அம்மாக்களைக் கேளுங்கள். "மாடியில நடந்தா கீழே திம் திம்னு கேக்குது" என்பார்கள். அங்கே பெரும்பாலான வீடுகளில் மாடித் தளம் மரம்தான்.

பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒன்றாக 'ஜாய்ஸ்ட்' பலகைகளைக் குத்தாக நிறுத்தி, மேலே பிளைவுட் அடிக்கிறார்கள். ('2-க்கு 10' என்று விற்கும் பலகையின் நிஜ அளவு ஒன்றரைக்கு ஒன்பதேகால் அங்குலம்தான்!)

மர ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி அழுத்திப் பாருங்கள். வளையாது, பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஜாய்ஸ்ட்டும் அப்படித்தான். அதனால்தான் இரண்டுக்கும் நடுவே துண்டுக் கட்டைகளை இறுக்கி ஆணி அடிக்கிறார்கள். இது 'பிளாக்கிங்'. மிதிக்கும் பாரத்தைப் பக்கத்துப் பலகைகளும் வாங்கிக்கொள்ளும், ஆட்டம் குறையும்.

சிக்கல் எங்கே? பைப் போட வருபவர், வழியில் இருக்கும் கட்டையைத் தட்டி எடுத்துவிட்டு அப்படியே போய்விடுவார். வீடு வாங்குமுன், சீலிங் அடிக்காத பேஸ்மென்ட்டில் நின்று அண்ணாந்து பாருங்கள். வெறும் ஆணி நீட்டிக்கொண்டிருந்தால், அங்கே ஒரு கட்டை இருந்திருக்கலாம்.