வெப்பத்தில் தளராத பிசின்

சூரிச்சிலிருந்து டீட்டிகோன் ஊடாகப் பாடனுக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1847 இல். அப்பாதையில் நாள்தோறும் வேலைக்குச் செல்லும் எம்மவர்க்கு, அதன் இரு முனைகளும் மின்சாரத்தின் வரலாற்றில் இடம்பெற்றவை என்பது தெரிந்திராது. பாடனில் 1891 இல் பிறவுன் பொவரி நிறுவனம் தோன்றி மின்பொறிகளைச் செய்தது. சூரிச்சிலே பியர் கஸ்தான் என்ற இரசாயனவியலாளர், செயற்கைப் பல் வார்ப்பதற்கென ஆக்கிய எபொக்சிப் பிசினுக்கு 1938 இல் காப்புரிமை கோரினார். பல்லுக்கு வந்த பிசின் பல்லோடு நிற்கவில்லை. பாசல் நகரின் சீபா நிறுவனம் 1946 இல் அதனை அரால்டைற் என விற்றது. எமது தொலைக்காட்சியினுள் இருக்கும் பச்சைச் சுற்றுப்பலகையும், கண்ணாடி நார்த்துணியில் ஊறிய எபொக்சியே.

பிசின் என்றதும் எமக்கு முருங்கையும் வேம்புமே நினைவுக்கு வரும். மின்சாரத்தின் தொடக்க காலத்தில் இந்திய அரக்கே கம்பிச் சுருள்களுக்குக் காப்பாயிருந்தது!

சாதாரண எபொக்சிப் பலகை 130 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். மற்றக் குறை கண்ணுக்குத் தெரியாதது. செப்புக் கோட்டில் ஓடும் சைகையின் மின்புலம், சூழவுள்ள காப்புப் பொருளினுள்ளும் பரவுகின்றது. அப்பொருள் புலத்தை எவ்வளவு உள்வாங்குகின்றதோ அவ்வளவுக்குச் சைகை தாமதிக்கும். இவ்வியல்பின் அளவே மின்னுழைய மாறிலி. வெற்றிடத்துக்கு அது 1. எபொக்சிப் பலகைக்கு ஏறத்தாழ 4.4. அப்பலகையினுள் சைகை ஒரு நனோசெக்கனில் 14 சென்ரிமீற்றர் செல்லும். மாறிலி 2.65 ஆயின் 18 சென்ரிமீற்றர் செல்லும்.

அந்த 2.65 வெறும் கணக்கன்று. அமெரிக்க டவ் நிறுவனம் ஆக்கிய, சிலிக்கன் சேர்ந்த பென்சோசைக்ளோபியூற்றீன் பிசினின் மாறிலி அதுவே. 350 பாகையிலும் அது இளகாது. பொதுவாகச் சிலிக்கன்–ஒட்சிசன் பிணைப்பை முறிக்க மோலுக்கு ஏறத்தாழ 450 கிலோயூல் வேண்டும். காபன்–காபன் பிணைப்புக்கு 350 போதும். சிலிக்கனைச் சூழும் மெதைல் கூட்டங்கள் மூலக்கூறுகளை நெருங்கவிடா. இடைவெளி கூட, மாறிலி குறையும்.

ஆயினும் சிலிக்கன் பிசின்கள் செப்பில் எளிதில் ஒட்டா, கடினமாக்கினால் நொறுங்கும், விலையும் அதிகம். எனவே எட்டுச் சிலிக்கன் அணுக்களாலான கூடு போன்ற மூலக்கூறுகளை வேறு பிசின்களுடன் பிணைத்துப் பார்க்கின்றனர் ஆய்வாளர்.

இதனை இங்கு நாம் எழுதக் காரணமுண்டு. வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டையன்றி எம் பெற்றோர் வேறொன்றும் காண்பதில்லை. பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் பள்ளியில் இடம் கிடைக்காத பிள்ளை வீட்டிலே தலைகுனிந்து நிற்கின்றது. இது அநியாயம். பிசினைக் கலந்து, சூடாக்கி, அளந்து பார்க்கும் வேலையை இந்நாட்டில் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி பெற்றவர்களே பெரிதும் செய்கின்றனர். பின்னர் உயர்தொழிற் கல்லூரிக்குச் செல்லவும் வழியுண்டு. பயிற்சியிடம் தேடும் வேலை எட்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகின்றது. தொழில் ஆலோசகரிடம் கேட்கவேண்டிய பெயர் 'லபோரான்ற்', பிரிவு, இரசாயனம்.