பன்றிக்குத் துப்பாக்கி: செய்வதா, வாங்குவதா?

கம்பம், கூடலூர், சின்னமனூர் மலையடிவாரத்தில் மக்காச்சோளமோ நிலக்கடலையோ போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றித் தொல்லையைச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்த செலவில் நாட்டுத் துப்பாக்கி ஒன்று செய்து வைத்துக்கொள்ளலாமா என்று நினைக்கிறீர்களா? வேண்டாம்.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் வரை போகலாம். வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு. சாதாரண இரும்புக் குழாயில் செய்த குழல் வெடித்துப் பிளந்தால் சுட்டவரின் கையும் கண்ணும்தான் போகும்.

பயிர்ப் பாதுகாப்புக்காக, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரச் சட்டத்தில் இடம் உண்டு. மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் அறிக்கை வந்த பிறகே முடிவாகும். ஆனால் பணத்தைப் போடுமுன் ஒன்றைக் கவனியுங்கள். அந்த உரிமம் பன்றியைச் சுடுவதற்கான அனுமதி ஆகாது. 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். அதைத் தாண்டினால் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டுமே. காட்டை ஒட்டிய நம் தோட்டங்களுக்கு இதனால் பெரிய பலன் இல்லை என்பது வேறு கதை.

சேதமான அன்றே போட்டோ எடுத்து, சிட்டா, அடங்கலுடன் வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுங்கள்.