பொதுச் சொத்தை மக்களே காப்பாற்ற முடியுமா? எலினார் ஆஸ்ட்ரம் கண்டுபிடித்தது என்ன?

ஊருக்குப் பொதுவாக ஒரு மேய்ச்சல் நிலம். "நம்ம மாடு ஒண்ணு கூடுதலா மேய்ஞ்சா என்ன ஆகிடப் போகுது?" என்று ஒவ்வொருவரும் நினைத்தால்? கடைசியில் புல்லே மிஞ்சாது.

1968ல் அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின் இதை 'பொதுவளங்களின் அவலம்' என்றார். அரசு கையில் எடுக்கணும், இல்லைன்னா தனியாருக்குக் கொடுத்துடணும் என்பதுதான் பலர் சொன்ன தீர்வு. மூன்றாவது வழியும் உண்டு என்று காட்டியவர், அரசியல் அறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரம்.

யார் இவர்?

1933ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். பெண் என்பதால் பள்ளியில் திரிகோணமிதி படிக்க விடவில்லை. கணிதப் பின்னணி இல்லை என்று பொருளாதார முனைவர் படிப்புக்கும் இடம் கிடைக்கவில்லை. அரசியல் அறிவியல் பக்கம் வந்தார்.

அவரது முனைவர் பட்ட ஆய்வு, சொந்த ஊர்ப் பக்கத்து நிலத்தடி நீர் பற்றியது. ஆளாளுக்கு உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்தது. நீரை எடுத்தவர்களே கூடிப் பேசி, நீதிமன்றம் வழியாக ஆளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்துக்கொண்டார்கள்.

மக்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517லேயே ஒரு விதி இருந்தது. குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட முடியுமோ, அத்தனையை மட்டுமே கோடையில் மலைக்கு ஓட்டலாம். நேபாளத்தில் விவசாயிகளே நடத்திய பாசனக் கால்வாய்கள் பல, அரசு கட்டியவற்றைவிட நன்றாக இயங்கின.

இப்படிப் பல ஊர்களை ஒப்பிட்டு, 1990ல் வந்த நூலில் எட்டு அம்சங்களைத் தொகுத்தார். யாருக்கு உரிமை என்பதில் தெளிவு, விதியை வகுப்பதில் பயனாளிகளுக்குப் பங்கு, கண்காணிப்பு, முதல் தவறுக்குச் சின்ன தண்டனை, சண்டை வந்தால் உடனே தீர்க்க ஓர் இடம் ஆகியவை அதில் முக்கியமானவை.

அப்போ அரசே வேண்டாமா?

அப்படி அவர் சொல்லவில்லை. மக்கள் கூடினால் எல்லாம் சரியாகிடும் என்றும் சொல்லவில்லை. தோற்றுப்போன ஊர்களையும் பதிவு செய்தார். எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து கிடையாது, உள்ளூர் விதிகளை அரசு அங்கீகரிக்க வேண்டும் என்பதே அவர் வாதம்.

2009ல் ஆலிவர் வில்லியம்சனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எந்தத் துறையில்? இடம் தர மறுத்த அதே பொருளாதாரத்தில்! அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே. 2012ல் மறைந்தார்.