தாயும் மகளும் காணியும்: வன்னி நாவலும் ஆசிரியர் பதிப்பும்

தமிழ் அகப்பாடல்களிலே மகளைக் குறித்து நெஞ்சழிந்து பேசுவோர் நற்றாயும் செவிலியுமாவர். தலைவி தலைவனோடு உடன்போகியவிடத்து, அவள் ஓடி விளையாடிய முற்றத்தையும் அவள் வளர்த்த கிளியையும் நோக்கித் தாய் புலம்புவாள். செவிலியோ சுரத்திடை அவளைத் தேடிச் செல்வாள். இப்புலம்பலுக்குத் தொல்காப்பியனார் அகத்திணையியலிலே தனியிடம் வகுத்திருக்கின்றார். அங்கே மகள் வீட்டை விட்டுப் போகின்றாள். தாய் வீட்டிலேயே நிற்கின்றாள். தாய்மகள் உறவைப் பற்றிய தமிழிலக்கியம் இப்பிரிவிலிருந்தே தொடங்குகின்றதெனலாம்.

ஈழத்து வடபாகத்தில் நிலைமை வேறு. இங்கே பெரும்பாலும் மகள் போவதில்லை, மருமகன் வருகின்றான். ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1707 ஆம் ஆண்டிற் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரியாற் தொகுக்கப்பட்ட தேசவழமை, குடும்பச் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாகப் பகுத்தது. பழைய வழக்கின்படி முதுசம் ஆண்மக்களைச் சேர, தாயின் சீதனம் பெண்மக்களைச் சேர்ந்தது. ஆகவே தாயிருந்த வீடும் வளவும் மகளுக்குக் கைமாறுதல் இயல்பாயிற்று. தாய்க்கும் மகளுக்கும் இடையிலே அன்பு மாத்திரமன்றி ஓர் உறுதிப்பத்திரமும் உண்டு. பெண்மக்கள் மூவரும் வீடு ஒன்றுமாயுள்ள தாயின் துயரத்தைக் கூறுவதற்கு ஆசிரியர் எவரும் பெருங்கற்பனை செய்யவேண்டியதில்லை. மங்களநாயகம் தம்பையா 1914 ஆம் ஆண்டில் 'நொறுங்குண்ட இருதயம்' வெளியிட்ட நாள் தொட்டு ஈழத்துப் பெண்கள் எழுதிய குடும்பக் கதைகளிற் சீதனப் பேச்சு மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதற்குக் காரணம் இதுவே.

வன்னிப் பெருநிலத்துக்கு வருவோம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுக் குளம் 1920களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது. அதன்பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணியற்ற குடும்பங்கள் கிளிநொச்சிப் பகுதிக்குக் குடிபெயர்ந்தன. பின்னர் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிற் படித்த வாலிபர் திட்டங்களும் அமைந்தன. காடு வெட்டி, யானைக்கும் மலைக்காய்ச்சலுக்கும் ஈடுகொடுத்து, முதற்போகம் விளையுமளவும் கடனிலே வாழ்ந்த இக்குடும்பங்களுக்குக் கிடைத்த நிலம் முதுசமுமன்று, சீதனமுமன்று. அரசின் அனுமதிப்பத்திரத்தில் வந்த நிலம். இதனை ஆண்டது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். இச்சட்டத்தின் நோக்கம் துண்டாடலைத் தடுத்தல். வயல் சிறுகச் சிறுகப் பிரிந்து பயனற்றுப் போகாதிருக்க, பின்னுரித்தாளர் ஒருவரைப் பெயர் குறிப்பிடுதலையே அது விரும்பியது. பெயர் குறிக்கப்படாதவிடத்து, வாழ்க்கைத் துணைக்குப் பின், சட்டத்தின் மூன்றாம் அட்டவணை புதல்வரை முன்னும் புதல்வியரைப் பின்னுமாக நிறுத்தியது. தந்தை வேண்டுமாயின் மகளைப் பெயர் குறிக்கலாம், அது சட்டவிரோதமன்று. ஆனால் எழுதாது விட்ட வீட்டில் மகன் இருப்பின் மகளுக்கு இடமில்லை.

இவ்வேறுபாடு கதைக்கு மிக முக்கியமானது. யாழ்ப்பாணத்துத் தாயிடம் மகளுக்குக் கொடுக்க ஒரு வீடாவது இருந்தது. அவள் வன்னிக்கு வந்து, தன் கையாற் களைபிடுங்கி, சூடடித்து உருவாக்கிய வயலை மகளுக்குக் கொடுக்க அவளுக்கு உரிமை இருந்ததில்லை. பத்திரம் கணவன் பெயரில். அடுத்த பெயர் பெரும்பாலும் மகன் பெயர். குடாநாட்டு வழக்கை மனத்திற் சுமந்தும் குடியேற்றச் சட்டத்தின்கீழ் வாழ்ந்தும் வந்த தாய்மாரின் மனநெருக்கடி, வரலாற்று நூல்களிற் பதிவாகும் ஒன்றன்று. அது கதையிலே தான் பதிவாகும்.

அவ்வாறு பதிவு செய்தோருள் முதலிடம் பெறத்தக்கவர் தாமரைச்செல்வி. பரந்தனை அடுத்த குமரபுரம் என்னும் விவசாயக் கிராமத்தவரான இவர் 1973 ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கி, இருநூற்றுக்கு மேற்பட்ட சிறுகதைகளையும் பல நாவல்களையும் படைத்தார். வயலும் வாய்க்காலும், கடனும் அறுவடையும், இடப்பெயர்வும் இவர்தம் பொருள்கள். பெண்களின் பாடு அவற்றின் நடுவே நிற்கும். முழக்கமிட்டுப் பேசும் நடையன்று இவருடையது. அயல்வீட்டுப் பெண் வேலியோரத்திலே நின்று சொல்வது போன்ற நடை. 'பச்சை வயல் கனவு' என்னும் நாவல் 2004 இல் வெளிவந்தது. குடாநாட்டிலிருந்து வந்து காடழித்துக் கழனியாக்கிய மக்களின் தலைமுறைக் கதை அது. இலங்கை அரசின் சாகித்திய விருதும் அதற்குக் கிடைத்தது. கிளிநொச்சிக் குடியேற்றம் பற்றிய அரச அறிக்கைகள் ஏக்கர்க் கணக்கைத் தரும். அடுப்படிக் கணக்கை அறிய விரும்புவோர் இந்நாவலையே நாடுதல் வேண்டும்.

இந்நூலின் முகப்பிலே காணப்படும் பதிப்பகப் பெயர் 'சுப்ரம் பிரசுராலயம்' என்பது. அது கொழும்பிலோ சென்னையிலோ இருந்த நிறுவனமன்று. குமரபுரத்து முகவரியுடைய, ஆசிரியரின் சொந்தப் பதிப்பு. 1998 இல் வந்த 'ஒரு மழைக்கால இரவு' என்னும் சிறுகதைத் தொகுதியும் அப்பெயரிலேயே வந்தது. ஆசிரியரே பதிப்பாளராதல் ஏன் நேர்ந்தது என்பதே அடுத்து ஆராயத்தக்கது.

1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்நாட்டுத் தமிழ் நூல்களுக்கு ஒரு சந்தை பிறந்தது. வீரகேசரி நிறுவனம் மலிவுப் பதிப்பாக நாவல்களை வெளியிட்டு நாடெங்கும் தன் பத்திரிகை முகவர் வழியே விற்றது. முல்லைத்தீவுப் பகுதியினரான அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு 1973 இல் அவ்வரிசையிலேயே வந்தது. தாமரைச்செல்வியின் 'சுமைகள்' 1977 இல் வந்ததும் அவ்வழியே. அக்காலத்து வன்னி எழுத்தாளன் கையெழுத்துப் பிரதியைத் தபாலிற் சேர்த்துவிட்டுத் தன் வயலுக்குப் போய்விடலாம்; அச்சும் விற்பனையும் பிறர் பொறுப்பு. அவ்வொழுங்கு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1977 இற்குப் பின் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. 1983 இற்குப் பின் போரும் சூழ்ந்தது. 1990களிற் பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்துப் பத்திரிகையே கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சான நாள்கள் உண்டு. நாவலுக்குத் தாள் ஏது? 1996 இற் பரந்தனும் கிளிநொச்சி நகரும் போரினால் வெறிச்சோடின. 2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்பிரலில் கண்டி வீதி திறக்கப்பட்டது. தாமரைச்செல்வியின் 'அழுவதற்கு நேரமில்லை' 2002 இலும், 'பச்சை வயல் கனவு' 2004 இலும், 'வன்னியாச்சி' 2005 இலும் வெளிவந்தமையை இவ்வாண்டுகளோடு சேர்த்து நோக்குக. ஆசிரியரின் ஊக்கம் ஒருபுறமிருக்க, வீதி திறந்த காலமே நூல் பிறந்த காலமாயிற்று.

சொந்தப் பதிப்பு என்றால் இன்று சிலர் முகஞ்சுளிப்பர். பிறர் ஏற்காத நூலைத் தாமே அச்சிட்டுக்கொண்டாரெனக் கருதுவர். நம் பதிப்பு வரலாற்றை அறியாமையால் வரும் கருத்து அது. ஆறுமுக நாவலர் 1849 இற் சென்னையில் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையிலே நிறுவித் தம் நூல்களைத் தாமே பதித்தார். உ. வே. சாமிநாதையர் 1887 இற் சீவகசிந்தாமணியை வெளியிட்டது கையொப்பக்காரரிடம் முற்பணம் பெற்றே. நாவற்றுறையிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. வை. மு. கோதைநாயகி அம்மாள் இளமையில் எழுதப் பயிலாதவர். முதன்முதல் ஆக்கிய நாடகத்தைத் தோழி ஒருத்தியிடம் வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்தார். அத்தகையவர் 1925 இல் 'ஜகன்மோகினி' என்னும் சஞ்சிகையைத் தாமே ஏற்று, அதிலே தம் குடும்ப நாவல்களைத் தொடராக வெளியிட்டுப் பின் நூலாக்கினார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் அவ்வாறு வந்தன. ஆங்கில நாட்டிலே வேர்ஜீனியா வுல்ஃப் 1917 இற் கணவரோடு சேர்ந்து ஹோகார்த் அச்சகத்தைத் தொடங்கினார். 1922 முதல் தம் நாவல்களை அதிலேயே வெளியிட்டார். தம் தாயை நினைந்து எழுதிய 'கலங்கரை விளக்கத்துக்கு' என்னும் பொருளுடைய நாவலும் 1927 இல் அங்கிருந்தே வந்தது. பெண்ணொருத்தி வீட்டுக்குள்ளிருந்து வீட்டைப் பற்றி எழுதுவதைப் பெறுமதியானதெனப் பிறர் ஒப்புமளவும் காத்திராது, தானே அச்சேற்றுதல் புதுமையன்று.

வன்னியிலே இக்காரியம் நடைபெறும் முறையைச் சிறிது விரித்துக் கூறலாம். கையெழுத்துப் பிரதி முடிந்ததும் அணிந்துரை வேண்டும். அதற்குப் பேராசிரியரிடமோ மூத்த எழுத்தாளரிடமோ பிரதி போகும், மாதங்கள் கழிந்து வரும். அச்சகத்துக்கு முற்பணம் கொடுக்க வேண்டும். அது நெல் விற்ற பணமாகவும் இருக்கலாம், காப்பை ஈடுவைத்த பணமாகவும் இருக்கலாம். ஐந்நூறு அல்லது ஆயிரம் பிரதி அச்சாகும். பின்னர் வெளியீட்டு விழா. மங்கல விளக்கேற்றல், ஆசியுரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை என அது பாடசாலை மண்டபத்திலே பிற்பகல் முழுவதும் நீளும். முதற்பிரதியை ஊர்ப் பெரியாரோ வர்த்தகரோ பெறுவர். அடுத்துச் சிறப்புப் பிரதிகள். பெறுவோர் ஒவ்வொருவரும் உறையிலிட்ட அன்பளிப்பு ஒன்றை ஆசிரியர் கையிற் சேர்ப்பர். நூலின் பின்னட்டையில் விலை அச்சிட்டிருக்கும். அன்று அதனை நோக்குவார் எவருமிலர். கலியாண வீட்டு மொய் எழுதும் பண்பு புத்தகத்துக்கும் பொருந்தி நிற்பதைக் கண்டு நகைப்போர் உளர். ஆனால் அச்சகக் கடனை அடைப்பது அவ்வுறைகளே. நூல்வடிவம் பெறும் முன்னரே பணம் தந்த சாமிநாதையர் காலத்துக் கையொப்பக்காரருக்கும், நூல் கைக்கு வந்தபின் தரும் இவ்வூராருக்கும் வேற்றுமை கால முறையில் மாத்திரமே உண்டு. எஞ்சிய பிரதிகளில் ஒரு பகுதியைப் பொது நூலகங்களும் அரச திணைக்களங்களும் சிலவேளை கொள்வனவு செய்யும். மீதி வீட்டு அலமாரிக்குப் போகும்.

இம்முறையிற் குறையில்லையென்று கூறுதல் பொய்யாகும். ஆசிரியருக்கும் அச்சகத்துக்கும் இடையே செம்மை செய்வோர் ஒருவருமிலர். நீளமான இடத்தைக் குறைக்கவும், கூறியது கூறலை நீக்கவும், பாத்திரத்தின் வயது இரண்டாம் அதிகாரத்தில் ஒன்றாகவும் ஏழாம் அதிகாரத்தில் வேறாகவும் இருப்பதைச் சுட்டவும் எவருமிலர். அணிந்துரை எழுதுவோர் நட்பினாற் புகழ்வர். நயவுரை கூறுவோர் மேடை மரியாதையாற் புகழ்வர். ஈழத்துச் சொந்தப் பதிப்பு நாவல்கள் பலவற்றின் தளர்வுக்கு எழுத்தாளரின் ஆற்றற் குறைவைக் காட்டிலும் இவ்வெற்றிடமே பெருங்காரணம். எனினும் அதே வெற்றிடத்தில் ஒரு நன்மையும் உண்டு. வன்னிப் பேச்சுமொழியை மாற்றச் சொல்லவும், தாய்மகள் உரையாடலுக்குப் பதிலாகக் காதற் காட்சி ஒன்று வேண்டுமெனக் கேட்கவும் அங்கே எவருமிலர்.

பெருங்கேடு வேறிடத்தில் இருந்தது. ஐந்நூறு பிரதியுள்ள நூலுக்கு ஆசிரியரின் வீடே களஞ்சியம். வாங்கியோரும் பெரும்பாலும் அதே மாவட்டத்தவர். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் முழுவதும் மேற்கிலிருந்து கிழக்காக இடம்பெயர்ந்து, இறுதியில் உடுத்த உடையோடு முகாம்களை அடைந்தபோது, எடுத்துச் செல்லக்கூடிய பொருள்களின் வரிசையிற் புத்தகம் எங்கே நிற்கும்? உறுதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை என்பவற்றைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்ட தாய்மார் பலர். நூல் வீட்டோடு போயிற்று. பெரிய பதிப்பகத்தின் நூலாயின் வேறூர்க் கடையில் ஒரு பிரதி எஞ்சும். சொந்தப் பதிப்புக்கு அவ்வாய்ப்புக் குறைவு. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையச் சேமிப்பகம் ஈழத்து நூல்களை மின்வருடிப் பாதுகாத்து வந்தமையாலேயே வன்னியிற் பிறந்த பல நூல்கள் இன்று படிக்கக் கிடைக்கின்றன.

தாமரைச்செல்வி பின்னர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். 2019 இல் வெளிவந்த 'உயிர்வாசம்' கடல் வழியே படகிற் சென்று அந்நாட்டை அடைந்த தமிழரைப் பற்றிய பெரிய நாவல். உடன்போக்கின் சுரம் கடலாக மாறியது. காணிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையோ 2022 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினால் ஆண்பெண் முற்பாடு நீக்கப்பட்டு, மூத்த பிள்ளை ஆணாயினும் பெண்ணாயினும் உரித்துப் பெறும் நிலை வந்தது. அதற்கு முன் எழுந்த வன்னிக் கதைகளிலே, வயல்வரப்பில் நிற்கும் தாய் மகளிடம் காணியைப் பற்றி ஒன்றும் பேசாதிருக்குமிடத்தைப் படிப்போர் பழைய அட்டவணையை நினைவிற் கொண்டே படித்தல் வேண்டும்.