‘வகுப்பு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்



பிள்ளைகள் அமர்ந்து படிக்கும் அறையை வகுப்பு என்கிறோம். வகுப்புவாரி உரிமை என்று பேசும்போது அதே சொல் சாதியைக் குறிக்கிறது. நம் பள்ளிகளில் இந்த இரண்டு பொருளும் ஒரே அறைக்குள்தான் இருக்கின்றன.

‘மாணவர் பன்முகத்தன்மை’ பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. வீட்டுமொழி, கற்கும் வேகம், உடற்குறைபாடு ஆகியவை அதில் வருகின்றன, வரட்டும். ஆனால் சாதியையும் அந்தப் பட்டியலில் இன்னொரு ‘வேறுபாடாக’ச் சேர்த்துவிட முடியாது. மற்றவை பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை. சாதி மேலும் கீழுமாக இருப்பது. அம்பேத்கர் அதைப் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்றார்.

ஆறாம் வகுப்பில் எங்கள் ஆசிரியர் உதவித்தொகைப் படிவத்தோடு வந்து, “எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்திருங்க” என்றார். ஏழு பேர் எழுந்தோம். அவர் கெட்டவர் அல்லர். படிவம் நிரப்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அன்று மதியம் என் பக்கத்தில் சாப்பிடுகிறவன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போனான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் தடுக்க வந்த அவர் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, உதவித்தொகைச் செய்தியைத் தலைமை ஆசிரியர் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும், அகர வரிசைப்படி அமர வைக்க வேண்டும், சாதிக் கயிறு கூடாது என்று அது பரிந்துரைத்தது. எங்கள் ஏழு பேரையும் நினைத்துக்கொண்டே அதைப் படித்தேன்.

பெயர் சொல்லாமல் இருப்பது பாதி வேலைதான். “என் கண்ணுக்கு எல்லாரும் ஒண்ணுதான்” என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தம்பியைக் கவனித்துவிட்டு வருகிற பெண் தாமதமாக வந்தால் அவளும் வெளியேதான் நிற்கிறாள். சாதிச் சான்றிதழுக்கு அலைந்தால் அப்பாவின் ஒருநாள் கூலி போய்விடும் என்பது அவர் கண்ணில் படுவதில்லை. வீட்டில் முதன்முதலாகப் படிக்கிற பிள்ளைக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்க வகுப்பறையைவிட்டால் வேறு இடமில்லை. சாதியை ஊரறியச் சொல்லாமலே இவற்றை ஓர் ஆசிரியர் தனியே விசாரித்து அறியலாம். வகுப்பில் யாராவது இழிவாக ஒரு சொல் சொன்னால், பாடத்தை நிறுத்திவிட்டு அந்தச் சொல்லைப் பற்றியே பேசலாம். அதைக் கேட்காததுபோல் கடந்துபோவது நடுநிலை ஆகாது.

ஜூனில் பள்ளி திறக்கும்போது உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போங்கள். உதவித்தொகைப் படிவத்தை அங்கே எப்படிக் கொடுக்கிறார்கள் என்று ஆசிரியர்களிடம் கேளுங்கள். பிள்ளைகளிடமும் கேளுங்கள்.